மூளையின் செய்தியும் பாக்டீரியாவின் வைரஸும்: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறாம் படிவ மாணவர்கள், அறிவியல் விழாவுக்கு மாணவர்களைத் தயார்ப்படுத்தும் ஆசிரியர்கள், தோட்டத்தில் மருந்தடிக்கும் குடும்பத்தினர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. உப்பளவு சொல்லாத சமையல் குறிப்பு யாருக்கும் உதவாது என்பதால், அளவுகளை முழுமையாகவே கொடுத்திருக்கிறோம்.

உயிர்வேதியியலாளர் ஒருவர் மூளை நரம்பணுக்களையும் ஆராய்கிறார், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸையும் ஆராய்கிறார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

வீட்டுக் கோழியிலிருந்தே தொடங்கலாம். அழுகியதையோ செத்த பிராணியின் மேல் மேயும் புழுவையோ கொத்தித் தின்ற கோழி சில நேரம் கழுத்தைத் தூக்க முடியாமல், இறக்கை துவண்டு கிடக்கும். கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் நஞ்சு செய்யும் வேலை அது. பறவைகளையும் மாடுகளையும் அதிகம் வீழ்த்துபவை அதன் ‘சி’, ‘டி’ வகை நஞ்சுகள். இந்த இரண்டையும் உண்டாக்கும் மரபணு பாக்டீரியாவின் சொந்தச் சொத்து இல்லை. உள்ளே குடியேறிய ஃபேஜ் என்ற வைரஸ் கொண்டுவந்த சீதனம். அந்த ஃபேஜ் கழன்று போனால் பாக்டீரியா உயிரோடு இருக்கும், நஞ்சு மட்டும் வராது.

நஞ்சு போய் வேலை செய்யும் இடமோ நரம்பின் நுனி. அங்கே செய்தி மூலக்கூறுகளை அடைத்து வைத்திருக்கும் நுண்பைகள், சவ்வோடு ஒட்டி வெளியே கொட்டக் காத்திருக்கும். ஒட்டுவதற்குத் தேவையான புரதங்களை நஞ்சு வெட்டிவிடுகிறது. பை நிறையச் செய்தி இருக்கும், வெளியே வராது. கழுத்துத் தசைக்கு உத்தரவு கிடைக்காது. அந்தப் பைகள் எப்படி ஒட்டுகின்றன, எப்படி நகர்கின்றன என்று கண்டறிந்ததற்குத்தான் ராத்மன், ஷெக்மன், சூடாஃப் மூவருக்கும் 2013இல் நோபல் பரிசு கிடைத்தது.

கருவிகளின் கதை இன்னும் நெருக்கமானது. எலியின் மூளையில் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மட்டும் ஒரு மரபணுவை நீக்க வேண்டுமென்றால், பி1 என்ற ஃபேஜிடமிருந்து எடுத்த ‘கிரே’ என்ற நொதியைப் பயன்படுத்துவார்கள். 34 எழுத்து நீளமுள்ள ‘லாக்ஸ்-பி’ என்ற டி.என்.ஏ. குறியை மரபணுவின் இரு பக்கமும் வைத்தால், நடுவில் இருப்பதை அந்த நொதி கத்தரித்து எடுத்துவிடும். நினைவு பதிவதற்குத் தேவையான, குளூட்டமேட் என்ற செய்தி மூலக்கூறைப் பிடிக்கும் ஏற்பி ஒன்றை, மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதியில் மட்டும் இப்படி நீக்கினார்கள். அந்த எலிகளுக்கு இடத்தை நினைவில் வைக்கும் திறன் குன்றியது 1996இல் வெளியானது. டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டும் லைகேஸ் டி4 ஃபேஜிடமிருந்து வந்தது. நரம்பணுவின் கிளைகளுக்குள் ஆர்.என்.ஏ. நகர்வதை ஒளிரவைத்துப் பார்க்க எம்.எஸ்.2 ஃபேஜின் உறைப் புரதம் உதவுகிறது.

ஆட்களும் இந்தப் பாதையில் நடந்தவர்கள்தாம். சீமோர் பென்சர் 1950களில் டி4 ஃபேஜின் மரபணு ஒன்றை நுணுக்கமாக வரைபடமாக்கினார். பிறகு பழ ஈக்களின் நடத்தைக்குத் தாவினார். 1971இல் மாணவர் கொனோப்காவோடு சேர்ந்து, ஈயின் நாள் கடிகாரத்தைக் கெடுக்கும் மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார். சிட்னி பிரென்னர் ஃபேஜிலிருந்து 302 நரம்பணுக்கள் மட்டுமே உள்ள புழுவுக்குப் போனார்.

ஃபேஜ் மனிதரைத் தாக்குமா?

தாக்காது. அது ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் பாக்டீரியாவின் மேற்பரப்பில்தான் உள்ளன. அதிலும் பெரும்பாலான ஃபேஜ்கள் ஒரே இனத்தின் சில ரகங்களை மட்டுமே தொடும். உங்கள் குடலில் இந்த நிமிடமும் கணக்கில்லாமல் இருக்கின்றன.

ஆனால் ‘முற்றிலும் நல்ல பிள்ளை’ என்றும் சொல்லிவிட முடியாது. காலரா நஞ்சின் மரபணுவும் தொண்டை அடைப்பான் நஞ்சின் மரபணுவும் ஃபேஜ் வழியாக வந்தவைதான்.

கண்டுபிடிப்பு வரலாறு கேட்பவர்களுக்கு: கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருப்பதாகவும், கொதிக்கவைத்தால் அந்தச் சக்தி போய்விடுவதாகவும் ஆக்ராவில் இருந்த ஹான்கின் 1896இல் எழுதினார். அது ஃபேஜ்தானா என்று அன்று யாருக்கும் தெரியாது. 1915இல் லண்டனில் டுவார்ட், 1917இல் பாரிஸில் டெரெல் தனித்தனியே கண்டார்கள். ‘பாக்டீரியோஃபேஜ்’ என்ற பெயர் டெரெல் வைத்தது.

பாக்டீரியாவுக்குள் போய் அது என்னதான் செய்கிறது?

ஏறத்தாழ 200 நானோமீட்டர் நீளமுள்ள டி4, 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவின் மேல் கால் ஊன்றுவதுபோல் வால் இழைகளை ஊன்றுகிறது. வாலுறை சுருங்கி, உள்குழாய் துளைத்து, டி.என்.ஏ. உள்ளே பாய்கிறது. உறை வெளியே நிற்கும். உள்ளே போவது டி.என்.ஏ.தான் என்று ஹெர்ஷியும் சேஸும் 1952இல் காட்டினார்கள். டி.என்.ஏ.வைக் கதிரியக்கப் பாஸ்பரஸாலும் புரதத்தைக் கதிரியக்கக் கந்தகத்தாலும் அடையாளமிட்டு, வெளியே ஒட்டியிருந்த உறைகளைச் சமையலறை மிக்சி போன்ற ஒன்றில் போட்டு உதிர்த்தார்கள்.

37 டிகிரியில் சுமார் 25 நிமிடத்தில் பாக்டீரியா வெடித்து 100, 200 புதிய ஃபேஜ்கள் வெளிவரும். லாம்டா போன்ற ஃபேஜ்கள் அவசரப்படாது. டி.என்.ஏ.வைப் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வோடு பின்னிக்கொண்டு பல தலைமுறை சும்மா இருக்கும்.

பள்ளி ஆய்வகத்தில் ஃபேஜை எண்ண முடியுமா? என்னென்ன வேண்டும்?

முடியும். மின்னணு நுண்ணோக்கி தேவையில்லை, வெறும் கண் போதும். ஈ. கோலை பி என்ற பாதுகாப்பான ஆய்வக ரகமும் டி4 ஃபேஜும் கல்விக்கான விற்பனையாளரிடம் வாங்கலாம். பாக்டீரியா தட்டு முழுக்கப் பாய் விரித்ததுபோல் வளரும். ஒரு ஃபேஜ் விழுந்த இடத்தில் அது செத்து, ஒரு தெளிந்த வட்டம் தெரியும். ஆய்வகத்தில் ‘பிளேக்’ என்பார்கள். ஒரு வட்டம், தொடக்கத்தில் ஒரு ஃபேஜ்.

பத்துத் தட்டுகளுக்கான அளவு:

அடி அகார் 200 மி.லி.: டிரிப்டோன் 2 கிராம், ஈஸ்ட் சாறு 1 கிராம், உப்பு 2 கிராம், அகார் 3 கிராம். தட்டுக்கு 20 மி.லி.

மேல் அகார் 50 மி.லி.: டிரிப்டோன் 0.5 கிராம், ஈஸ்ட் சாறு 0.25 கிராம், உப்பு 0.5 கிராம், அகார் 0.35 கிராம் மட்டும். கொழகொழவென்று இருப்பதுதான் சரி. கெட்டியானால் ஃபேஜ் பரவாது, வட்டம் ஊசிமுனை அளவில் நின்றுவிடும்.

நீர்க்கவைக்கும் கரைசல், ‘எஸ்.எம்.’ என்பது, 1 லிட்டருக்கு: உப்பு 5.8 கிராம், மக்னீசியம் சல்பேட் (ஏழு நீர் கொண்டது) 2 கிராம், பி.எச். 7.5 உள்ள 1 மோலார் டிரிஸ் 50 மி.லி.

எல்லாவற்றையும் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தத்தில் 15 நிமிடம் வேகவைக்க வேண்டும். ஆட்டோகிளேவ் இல்லாத பள்ளியில் 15 பவுண்டு எட்டும் பிரஷர் குக்கர் போதும். புட்டியை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், மூடியைத் தளர்த்தி வையுங்கள். நேரத்தை ஆவி முழு வேகத்தில் வந்த பிறகுதான் கணக்கிட வேண்டும். அடுப்பை அணைத்ததும் எடையைத் தூக்கினால் அகார் பொங்கிக் குக்கருக்குள் வழிந்துவிடும். தானாக ஆறட்டும்.

செய்முறை:

1. முந்தின இரவு வளர்த்த பாக்டீரியாவைப் புதிய திரவ உணவில் (அடி அகாரின் அதே பொருள்கள், அகார் மட்டும் இல்லாமல்) நூற்றுக்கு ஒன்றாக ஊற்றி, 37 டிகிரியில் குலுக்கி வளர்க்கவும். 600 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.4க்கும் 0.6க்கும் இடையில் வந்ததும் பனிக்கட்டியில் வைக்கவும். கருவி இல்லையென்றால், ‘லேசாகக் கலங்கிய இளநீர்’ நிறம் வரும்போது நிறுத்தலாம். இது தோராயம்தான்.

2. ஏழு குழாய்களில் எஸ்.எம். கரைசல் 0.9 மி.லி. வீதம் எடுத்து, முதல் குழாயில் ஃபேஜ் 0.1 மி.லி. விடவும். கலக்கி, அதிலிருந்து 0.1 மி.லி. அடுத்த குழாய்க்கு. ஒவ்வொரு முறையும் பைப்பெட்டுக்குப் புது முனை. பழைய முனையையே பயன்படுத்துவதுதான் மாணவர்கள் அதிகம் செய்யும் தவறு. கணக்கு பல மடங்கு தவறிப்போவது இங்கேதான்.

3. ஐந்தாம், ஆறாம், ஏழாம் குழாய்களிலிருந்து 0.1 மி.லி. எடுத்துத் தலா 0.2 மி.லி. பாக்டீரியாவோடு சேர்த்துப் பத்து நிமிடம் விடவும். ஒட்டிக்கொள்ள அவகாசம் வேண்டும். நீர்த்தலுக்கு இரண்டு தட்டு வீதம் ஆறு. ஃபேஜ் இல்லாமல் பாக்டீரியா மட்டும் ஒன்று, பாக்டீரியா இல்லாமல் ஃபேஜ் மட்டும் ஒன்று. இரண்டு தட்டு கைவசம் இருக்கும்.

4. 45 முதல் 48 டிகிரியில் உருகி நிற்கும் மேல் அகாரில் 4 மி.லி. சேர்த்து, குழாயை உள்ளங்கைகளுக்கு நடுவே இரண்டு முறை உருட்டி, உடனே அடி அகாரின் மேல் ஊற்றித் தட்டைச் சாய்த்துப் பரப்பவும். பத்து விநாடிக்குள் முடிய வேண்டும்.

5. சமமான மேசையில் 15 நிமிடம் உறையவிட்டு, தலைகீழாகக் கவிழ்த்து 37 டிகிரியில் வைக்கவும். டி4 வட்டங்கள் அன்று மாலையே தெரியத் தொடங்கும். மறுநாள் காலை எண்ணலாம்.

30 முதல் 300 வட்டம் உள்ள தட்டை மட்டும் கணக்கில் எடுங்கள். ஆறாம் குழாயின் இரண்டு தட்டுகளில் 78, 90 என்று வந்தால் சராசரி 84. ஊற்றியது 0.1 மி.லி. என்பதால் 1 மி.லி.க்கு 840. ஆறு முறை பத்துப் பத்தாக நீர்த்திருக்கிறோம், எனவே பத்து இலட்சத்தால் பெருக்கினால் 84 கோடி, அதாவது 840 மில்லியன். ஏழாம் குழாயின் தட்டில் எட்டு ஒன்பது வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். முப்பது நாற்பது இருந்தால் பைப்பெட்டில் பிசகு.

தட்டில் வட்டமே வரவில்லை, அல்லது எல்லாம் ஒரேயடியாகத் தெளிந்துவிட்டது. எங்கே தவறு?

முதலில் பாக்டீரியா மட்டும் ஊற்றிய தட்டைப் பாருங்கள். அதுவும் வெறுமையாக இருந்தால் குற்றவாளி ஃபேஜ் இல்லை, சூடு. 50 டிகிரிக்கு மேல் அகாரை ஊற்றினால் பாக்டீரியா வெந்துவிடும். குழாயைப் புறங்கையில் வைத்தால் சூடாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. குழந்தைக்குப் பால் பார்ப்பதைவிடச் சற்றுக் கூடுதல். அந்தத் தட்டு நன்றாக வளர்ந்திருந்து மற்றவற்றில் வட்டம் இல்லையென்றால், பாக்டீரியா வயதாகியிருக்கலாம், அல்லது ரகம் மாறியிருக்கலாம். சில ஃபேஜ்களுக்குக் கால்சியம் இல்லாமல் ஒட்டவே முடியாது. மேல் அகாரில் 1 முதல் 5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு சேர்த்துப் பாருங்கள். லாம்டா ஒட்டும் ஏற்பி மால்டோஸ் சர்க்கரை உள்ளே வரும் வாசல், எனவே பாக்டீரியாவை 0.2 விழுக்காடு மால்டோஸில் வளர்க்க வேண்டும். (நரம்பு நுனியில் செய்திப்பை கொட்டுவதற்கும் கால்சியம்தான் சாவி. உயிர் ஒரே பூட்டைப் பல கதவுக்கு மாட்டியிருக்கிறது.)

கட்டி கட்டியாக, வெண்பொங்கல் போல் உறைந்திருந்தால் அகார் ஆறிவிட்டது, அல்லது குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த தட்டில் நேராக ஊற்றியிருக்கிறீர்கள். தட்டுகளை அரைமணி நேரம் முன்பே 37 டிகிரியில் வையுங்கள்.

வட்டங்கள் வால்முளைத்து ஒன்றோடொன்று இழுபட்டிருந்தால் ஈரம். நம் ஊர்க் காற்றில் இதுதான் முதல் எதிரி. ஊற்றிய அன்றே தட்டைப் பயன்படுத்தாதீர்கள். மூடியின் உட்புறம் நீர்முத்து நிற்கும். ஒரு நாள் கவிழ்த்து வைத்து உலரவிட்டால் சரியாகும். அறைக்குள் மின்விசிறி சுழல்வது உதவும் என்று மூடியைத் திறந்து வைக்காதீர்கள், மறுநாள் பூஞ்சைத் தோட்டமாகிவிடும். எறும்புக்கு, மேசைக் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

தட்டு முழுவதும் தெளிந்திருந்தால் ஃபேஜ் மிகுதி, இன்னும் நீர்க்க வேண்டும். வட்டத்தின் நடுவே மங்கலாக, பால் கலந்த மாதிரி இருந்தால் அது தவறே இல்லை: உள்ளே குடியேறும் வகை ஃபேஜ். அதைத் தாங்கிய பாக்டீரியா நடுவில் வளர்ந்திருக்கிறது. தெளிந்த வட்டத்துக்குள் ஒன்றிரண்டு தனிப் புள்ளிகள் முளைத்தால் எதிர்ப்புச் சக்தி பெற்ற பாக்டீரியா. லூரியாவும் டெல்புரூக்கும் 1943இல் அலசியது இவற்றைத்தான். ஃபேஜைப் பார்த்த பிறகு பாக்டீரியா மாறவில்லை, முன்பே தற்செயலாக மாறிய சில இருந்தன என்று எண்ணிக்கையின் ஏற்ற இறக்கத்தை வைத்தே காட்டினார்கள்.

கண்ணாடிக் குழாயில் சோப்பு மிச்சம் இருந்தாலும் விளைவு கெடும். கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில்.

ஊரிலேயே ஃபேஜ் எடுக்க வேண்டுமானால் எங்கே? செம்பனை ஆலைக் குளத்திலா?

பலர் அங்கேதான் ஓடுகிறார்கள். ஆலையிலிருந்து புதிதாக வரும் கழிவுநீர் 80, 90 டிகிரிச் சூட்டில், பி.எச். 4க்கும் 5க்கும் இடையில் புளித்திருக்கும். ஈ. கோலை அங்கே வாழாது, வாழாத இடத்தில் அதன் ஃபேஜும் பெருகாது. விருந்தாளியைத் தேடினால் வீட்டுக்காரர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்: வீட்டுக் கழிவு சேரும் லோங்காங் (சாக்கடை), அது கலக்கும் ஆற்றோரம்.

ஆனால் இது பள்ளி மேசையில் செய்யும் வேலையில்லை. கழிவுநீரை உணவூட்டி வளர்க்கும்போது நோய்க்கிருமிகளும் சேர்ந்து வளரும். பல்கலைக்கழக ஆய்வகத்தில், பாதுகாப்பு அறைக்குள் செய்ய வேண்டும். மாதிரி எடுப்பது மட்டும் நம் பங்காக இருந்தால், கையுறை, முழங்கால் வரை சப்பாத்து கட்டாயம். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் வருவது இப்படிப்பட்ட தண்ணீரில்தான். 50 மி.லி. எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அங்கே 5,000 ஜி வேகத்தில் 15 நிமிடம் சுழற்றி, 0.45, பிறகு 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடிப்பார்கள். நேராக 0.22இல் ஊற்றினால் சேறு இரண்டே நிமிடத்தில் அடைத்துவிடும்.

செம்பனையில் வரும் கனோடெர்மாவுக்கு ஃபேஜ் மருந்தாகுமா?

ஆகாது. கனோடெர்மா பூஞ்சை. பால்மரத்தின் வெள்ளை வேர் நோயும் பூஞ்சைதான். ஃபேஜ் பாக்டீரியாவை மட்டுமே தொடும். ஜொகூரில் 2003வாக்கில் தலைகாட்டிப் பப்பாளித் தோப்புகளை அழித்த நுனிக் கருகல் எர்வினியா என்ற பாக்டீரியாவால் வருவது. அங்கே கேள்வி நியாயமானது. வெயில்தான் தடை: இலைமேல் தெளித்த ஃபேஜைப் புறஊதாக் கதிர் சில மணி நேரத்தில் செயலிழக்கச் செய்துவிடும். சாயங்காலம் தெளிப்பது இதனால்தான்.

அப்பாவுக்கு நீரிழிவுக் கால்புண் ஆறவில்லை. ஃபேஜ் சிகிச்சை கிடைக்குமா?

நம் ஊர் மருந்துக் கடையில் வாங்கிப் போடும் பொருள் இல்லை. ஜார்ஜியாவின் திபிலிசியில் 1923இல் தொடங்கிய எலியாவா நிலையம் நெடுங்காலமாகச் செய்துவருகிறது. அமெரிக்காவின் சான் டியேகோவில் 2016இல், எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் மசியாத அசினெட்டோபாக்டர் தொற்றில் கோமாவுக்குப் போன பேராசிரியர் டாம் பேட்டர்சன் ஃபேஜ் கலவையால் மீண்டார். அது அவருடைய கிருமியை வளர்த்து, அதற்குப் பொருந்தும் ஃபேஜைத் தேடி, பாக்டீரியா நஞ்சு நீக்கிச் சுத்திகரித்துக் கொடுத்தது. ஒருவருக்குப் பொருந்தியது பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குப் பொருந்தாது.

ஆறாத கால்புண்ணில் பாதிக்குமேல் இரத்த ஓட்டமும் சர்க்கரை அளவும் செருப்பின் அழுத்தமும் சம்பந்தப்பட்டவை. கிருமியை மட்டும் கொன்றால் புண் மூடாது. இந்த வாரமே கால்புண் கிளினிக்கில் காட்டுங்கள். ‘இயற்கை ஃபேஜ்’ என்று யாராவது ஆற்றுநீரைப் புட்டியில் விற்றால் காசைப் பையிலேயே வையுங்கள்.

நரம்பணுக்கள் பேசிக்கொள்வது மின்சாரத்தாலா, இரசாயனத்தாலா?

இரண்டாலும். நரம்பணுவுக்குள் ஓடுவது மின்மாற்றம்: ஓய்வில் உட்புறம் சுமார் எதிர்மறை 70 மில்லிவோல்ட், துடிக்கும்போது ஓரிரு மில்லிவிநாடி தலைகீழாகும். அடுத்த நரம்பணுவுக்குத் தாண்டும் இடத்தில், ஏறத்தாழ 20 நானோமீட்டர் இடைவெளியில், பெரும்பாலும் இரசாயனம். ஒவ்வொரு பையும் சுமார் 40 நானோமீட்டர் குறுக்களவு, உள்ளே சில ஆயிரம் மூலக்கூறுகள். ஓட்டோ லோவி 1921இல் தவளை இதயம் ஒன்றின் நரம்பைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை இன்னொரு இதயத்தின் மேல் விட்டார். இரண்டாவதும் மெதுவாகத் துடித்தது. அந்தத் திரவத்தில் இருந்தது அசிட்டைல்கோலின்.

தோட்டத்தில் மருந்தடிப்பவர்களுக்கு ஏன் ‘கோலினெஸ்டரேஸ்’ இரத்தச் சோதனை?

அந்த அசிட்டைல்கோலினை வேலை முடிந்ததும் துடைத்தெடுக்கும் நொதிதான் அது. ஒரு நொதி மூலக்கூறு விநாடிக்கு ஆயிரக்கணக்கில் உடைக்கும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அந்த நொதியின் வாயில் போய் ஒட்டிக்கொள்கிறது. செம்பனைப் பைப்புழுவுக்கு, மலாயில் உலாட் புங்குஸ், மரத்தில் துளையிட்டு ஏற்றும் மருந்துகளில் இந்த வகை உண்டு. நொதி அடைபட்டால் செய்தி அணையாது. கண்பாவை சுருங்கும், எச்சில் வடியும், வியர்க்கும், வயிறு போகும், தசை துடிக்கும், நெஞ்சில் சளி கட்டும். மருத்துவமனையில் அட்ரோபின் கொடுப்பார்கள். பிராலிடாக்சிம் என்ற மாற்று மருந்து நொதியை விடுவிக்கும், ஆனால் பிணைப்பு இறுகிப்போன பிறகு பயன்படாது. அதனால் காத்திருக்கக் கூடாது. உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, 999ஐ அழைத்து, மருந்துப் புட்டியின் லேபிளையும் கையோடு கொண்டுபோங்கள்.

சோதனையில் முக்கியமானது ஒப்பீடு. ஆளுக்கு ஆள் இயல்பு அளவு மிகவும் வேறுபடும், எனவே மருந்தடிக்கத் தொடங்குவதற்கு முன் எடுத்த சொந்த அளவு வேண்டும். ‘நார்மல்’ என்று தாளில் அச்சிட்ட வரம்புக்குள் இருந்துகொண்டே ஒருவருக்குப் பாதி குறைந்திருக்கலாம். கலிஃபோர்னியா விதிப்படி, சொந்த அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழ் போனால் வேலை முறையைச் சரிபார்க்க வேண்டும். சிவப்பணு அளவு 70 அல்லது பிளாஸ்மா அளவு 60 விழுக்காடு ஆனால் அந்த வேலையிலிருந்து ஆளை மாற்ற வேண்டும். சிவப்பணுவில் இருப்பது நரம்பில் இருக்கும் அதே நொதி, நாளுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடுதான் மீளும். பிளாஸ்மாவில் இருப்பது அதன் உறவுக்காரன், சில வாரத்தில் மீண்டுவிடும், கல்லீரல் கோளாறிலும் குறையும். ஃபுளோரைடு கலந்த சாம்பல் மூடிக் குழாயில் இரத்தம் எடுத்தால் ஃபுளோரைடே நொதியை அடக்கிப் பொய்யான குறைவைக் காட்டும்.

பாராகுவாட் என்ற களைக்கொல்லி இந்தக் கணக்கில் வராது. அது நுரையீரலை அரிக்கும் வேறு கதை, மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தடை. இன்னொரு களைக்கொல்லியான குளுஃபோசினேட் குளூட்டமேட்டின் சாயலில் இருப்பது. விழுங்கிவிட்டவருக்கு முதலில் ஒன்றுமில்லாததுபோல் இருந்து, மணிக்கணக்கு கழித்து வலிப்பு வரலாம். ‘நல்லாத்தானே இருக்காரு’ என்று வீட்டுக்கு அழைத்துவர வேண்டாம்.

இந்த நொதியைப் பள்ளியிலேயே அளக்கலாமா?

412 நானோமீட்டர் காட்டும் ஒளிமானி இருந்தால் அளக்கலாம். எல்மன் 1961இல் வகுத்த முறை, இன்றும் அதேதான். பசாரில் அன்று வெட்டிய ஆட்டு மூளையில் 0.2 கிராம் எடுத்து, பி.எச். 8.0 உள்ள 0.1 மோலார் பாஸ்பேட் கரைசல் 10 மி.லி.யில், பனிக்கட்டியில் வைத்து அரைக்கவும். மி.லி.க்கு 20 மில்லிகிராம்.

குவெட்டில் (ஒளிமானிக்குள் வைக்கும் சிறு குப்பி) அதே பாஸ்பேட் 2.6 மி.லி., மூளைக் கரைசல் 0.4 மி.லி., கந்தகத் தொகுதியோடு சேர்ந்தால் மஞ்சளாகும் டி.டி.என்.பி. (0.01 மோலார்) 0.1 மி.லி. இப்போதே லேசாக மஞ்சளாகும்: திசுவின் சொந்தக் கந்தகத் தொகுதிகள். ஏற்றம் நிற்கும் வரை பொறுத்து, கருவியைப் பூச்சியத்தில் வைத்து, பிறகு நொதி உடைக்க வேண்டிய மூலப்பொருளான 0.075 மோலார் அசிட்டைல்தயோகோலின் அயோடைடு 0.02 மி.லி. விடவும். அது உடையும்போது வெளிவரும் கந்தகத் தொகுதிதான் மஞ்சளை ஏற்றும். நிமிடத்துக்கு ஒருமுறை ஆறு நிமிடம் படிக்கவும். நிமிட ஏற்றம் 0.20 என்றால், இந்த அளவுகளுக்கான மாறிலி 0.000574ஐ 0.20ஆல் பெருக்கி 20ஆல் வகுக்க வேண்டும். ஒரு கிராம் மூளை நிமிடத்துக்கு 5.74 மைக்ரோமோல் உடைக்கிறது.

இரண்டு ஒப்பீடு இல்லாமல் எண்ணை நம்பாதீர்கள்: மூளை இல்லாத குவெட் (மூலப்பொருள் தானாகவும் மெல்ல உடையும்), ஐந்து நிமிடம் கொதிக்கவைத்த மூளை. இரத்தத்தில் செய்ய ஆசைப்படும் மாணவர்களுக்கு: ஹீமோகுளோபினும் 415 அருகே ஒளியை விழுங்கும், நன்றாக நீர்க்காமல் ஒன்றும் தெரியாது. தோட்டத்து மருந்தைக் கொண்டுவந்து ‘அடக்கிக் காட்டலாமா’ என்று கேட்கிறார்கள். கூடாது.

இதைப் படிக்க எங்கே போக வேண்டும்?

மலாயாப் பல்கலைக்கழகம், செர்டாங்கில் புத்ரா, பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகம் மூன்றிலும் உயிர்வேதியியல் இளங்கலை உண்டு. எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) அல்லது மெட்ரிகுலேஷனில் வேதியியலை விட்டுவிடாதீர்கள். உயிரியலில் மட்டும் ஏ வாங்கிக்கொண்டு வருபவர்கள் முதல் ஆண்டில் திணறுவது மோலார் கணக்கில்தான்.

முடிந்ததும் தட்டுகளை என்ன செய்வது? மிஞ்சிய ஃபேஜ்?

தட்டுகளை 121 டிகிரியில் 30 நிமிடம் குக்கரில் போட்டு, பையில் கட்டிக் குப்பைக்கு. குக்கர் இல்லையென்றால் வீட்டு வெளுப்பானை ஒன்றுக்கு ஒன்பது தண்ணீரில் கலந்து, அரைமணி மூழ்கவைக்கவும். இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள், வெளுப்பானைச் சூடாக்கினால் குளோரின் வாயு கிளம்பும். அந்தக் குக்கர் திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது, மூடியில் சிவப்புச் சாயம் பூசி வையுங்கள்.

டி4 ஃபேஜை எஸ்.எம். கரைசலில், சில துளி குளோரோஃபார்ம் விட்டு, 4 டிகிரியில் வைத்தால் பல மாதம் கெடாது. குளோரோஃபார்ம் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் என்பதால் கண்ணாடிப் புட்டி. உறைபெட்டியில் வெறுமனே வைக்காதீர்கள், உறைந்து உருகும்போது எண்ணிக்கை சரியும். அடுத்த ஆண்டு மாணவர்கள் எடுக்கும்போது புட்டியின் மேல் எழுதிய பழைய எண்ணை நம்பாமல், மறுபடி ஒரு தட்டு ஊற்றி எண்ணட்டும்.